ஈரக் கழிவு

இலை எடை போடுகிற வேலை எனக்கு.
பச்சைத் தேயிலைச் சாக்கைக் கொக்கியில் மாட்டி
முள் நிற்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்வேன்.
மழை நாளென்றால் நூற்றுக்குப் பத்து கழிப்பேன்,
ஈரத்துக்கு.
முறைப்பார்கள். முறைக்கட்டும்.
இருபது வருடத்தில் ஒருவருக்கும் பயந்ததில்லை.

பயந்தது
உரக்கடைக்கு மேலே இருக்கிற ஜிம்முக்கு.

பதினேழு படிகள்.
முதல் நாள் ஒன்பதாவது படியில்
யூரியா வாசனையோடு ஒரு சிரிப்புச் சத்தம் இறங்கி வந்தது.
எனக்கென்றே வந்ததுபோல் இருந்தது.
திரும்பி இறங்கி
தேவையே இல்லாமல் அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினேன்.
இரண்டாம் நாளும் பீன்ஸ்.
மூன்றாம் நாள் வீட்டில் கேட்டார்கள்,
பீன்ஸ் மேல் என்ன இப்படி ஒரு ஆசை என்று.

நான்காம் நாள் ஏறிவிட்டேன், பீன்ஸுக்குப் பயந்து.

போஜராஜன் என்கிற பையன் பெயர் எழுதிக்கொண்டான்.
வயது நாற்பத்து மூன்று என்றேன்.
எடை என்றான், மெஷினைக் காட்டி.
முள் இல்லை அதில்;
எண்கள் சிவப்பாய்த் துடித்து நின்றன.
ஸ்வெட்டர் நனைஞ்சிருக்கு தம்பி, கழிச்சுக்கோ என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

அந்த ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.
சுடிதாருக்கு மேல் அது, அதற்கு மேல் சால்வை,
தலையில் மஃப்ளர்.
இட்லிக் கொப்பரைக்குத் துணி சுற்றினதுபோல
ட்ரெட்மில்லில் நடந்தேன்.
கோத்தகிரியில் சமமான பாதை அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.

காலையில் சன்னல் வழியாக மஞ்சு உள்ளே வரும்.
கண்ணாடியில் ஒருவருக்கும் முகம் இருக்காது.
ஜிம்முக்குக் கட்டின சந்தாவை
மனதுக்குள் மஞ்சுக்குத்தான் கட்டினேன்.

பிறகு ஜனவரி வந்தது.
வெளியே புல்லெல்லாம் உறைபனி வெள்ளை,
வானம் துடைத்து வைத்த நீலம்.
கண்ணாடி முழுக்க நான்.
தூணுக்கு அந்தப் பக்கமும் நான்.
கயிறு தாண்டிக்கொண்டிருந்த சலேத், நர்ஸ்,
நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தாள்.
தபால் ஆபீஸ்காரர் பார்த்தார்.
போஜராஜன் பார்த்தான்.
கெட்ட கனவில் வருகிற மாதிரியே.

"ஐயோ, எவ்வளவு பெருசு!" என்றாள் சலேத்.

காது அடைத்தது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.
அவர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள்,
எனக்குப் பின்னால் இருந்த சன்னலுக்கு.

கீழே மார்க்கெட் வாசலில் காட்டெருமை.
ஆயிரம் கிலோ இருக்கும், என் கண் தப்பாது.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு காலில் நின்று
கொட்டிக் கிடந்த முட்டைக்கோஸ் தழையை மென்றது.
ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.
அது பொருட்படுத்தவில்லை.

இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம்.
தபால் ஆபீஸ்காரர் முழங்கை என் விலாவில்.
சலேத்தின் பனியன் தோளில் கிழிந்து ஊக்கு குத்தியிருந்தது.
இத்தனை நாள் அதை நான் பார்க்கவில்லை.
என்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பதற்கே
நேரம் சரியாக இருந்தது.

சன்னலில் வெயில். கழுத்தெல்லாம் வியர்வை.
ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பியில் போட்டேன்.
ஒருவரும் திரும்பவில்லை.
எருமை சாணி போட்டுவிட்டு நகர்ந்தது.

திரும்பினால்
என் ட்ரெட்மில்லில் தபால் ஆபீஸ்காரர் ஏறி நிற்கிறார்.

இலைக் கொட்டகையில் பேசுகிற குரல்
அதுபாட்டுக்கு வந்தது:
"அண்ணே, இறங்குங்க.
எனக்கு இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருக்கு."