எடைமேடை

செக்கானூரணி எடைமேடையில்
எனக்கு இரவுப் பணி.
ஜல்லி, வைக்கோல், தேங்காய் நார்,
ஒருதடவை யானை,
லாரியோடு சேர்த்து.
ஏற்றிய எடையில் வெற்று எடை போக
மிச்சம் சரக்கு.
இருபது வருடமாக இந்த ஒரு கழித்தல்தான்
எனக்குச் சோறு போடுகிறது.

மகள் ஒச்சாதேவி
கல்லூரி ஹாக்கி அணியில் கோல்கீப்பர்.
இரண்டாம் டிவிஷன்.
மூன்றாவது என்று ஒன்று இல்லாததால்
அங்கேயே நிற்கிற அணி.

எடைச்சீட்டுகளின் பின்பக்கம்
கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.
கால் பேடு, பழசு, கோவில்பட்டிப் பையனிடம்: மூவாயிரத்து இருநூறு.
முட்டை, தினம் இரண்டு, மூன்று வருடம்.
முழங்கால் ஸ்கேன் நாலாயிரத்து ஐந்நூறு,
உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள.
பேருந்தில் அந்தப் பைக்குத் தனி டிக்கெட்.
'உள்ளே என்னம்மா, நெல்லா?' என்று
கண்டக்டர் கேட்பாராம்.
வரவு:
கல்லூரிப் பேருந்துக் கட்டணத்தில் பாதி.
ஒரு சட்டை, முதுகில் பதினாறு,
பெயர் மட்டும் 'ஓச்சா' என்று நீண்டுவிட்டது.

மொக்கைச்சாமி மச்சான் சொன்னார்:
'கோட்டாவுல வேலை வேணும்னா
மாநில அளவு சர்டிபிகேட் கேப்பான் மாப்ள.
இத கண்ணாடி போட்டு மாட்டலாம்.
அந்த நேரத்துக்கு குரூப் ஃபோருக்குப் படிச்சிருந்தா...'
அவர் மகன் நாலு வருடமாகப் படிக்கிறான்.
அதை நான் சொல்லவில்லை.
அவர் சொன்னதிலும் தப்பில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
தூங்க வேண்டிய பகலில்
ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன்.
வேடிக்கை பார்க்க ஒன்பது பேர்.
அதில் இரண்டு பேர்
அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள்.

ஆறு கோல் வாங்கினாள்.
வாங்குவது என்றுதான் சொல்கிறார்கள்,
விலை கொடுத்தவன் நான் என்று தெரியாமல்.
ஒவ்வொரு தடவையும் வலைக்குள் குனிந்து
பந்தை எடுத்து நடுவுக்குத் தட்டிவிட்டாள்.
முதல் கோலுக்கு எவ்வளவு வேகமோ
ஆறாவதுக்கும் அதே.

எனக்குப் புதிதாக இருந்தது குரல்.
வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட
கையைத்தான் நீட்டுவாள்.
இங்கே,
'வலது! வலதப் பாருடீ! உள்ள விடாத!'
நாலு பெண்கள் அந்தக் குரலுக்கு நகர்ந்தார்கள்.
மைதானத்தை ஒட்டிப் போன டீக்காரரும்
ஒரு நொடி வலது பக்கம் பார்த்தார்.

ஏழாவதை நிறுத்தினாள்.
முழு உடம்பும் தரையோடு கிடந்து,
இடது காலின் நுனியால்.
அதற்கு முன்பே விசில் ஊதியாகிவிட்டது.
எந்தத் தாளிலும் ஏறவில்லை அது.

நான் வந்ததை அவளிடம் சொல்லவில்லை.
ராத்திரி கருமாத்தூர் பஸ்ஸுக்கு
எடைமேடையில் காத்திருந்தாள்.
சின்ன வயதில் போல மேடைமேல் ஏறி நின்றாள்.
பையோடு அறுபது.
பையைக் கீழே வைத்தால் ஐம்பது.
'இந்த மெஷின் பத்துப் பத்தாத்தான் காட்டும்' என்றேன்.
'பை பத்துதானா?
என் தோளக் கேளு.'
கொஞ்சம் கழித்து,
எங்கோ பார்த்துக்கொண்டு:
'எம்.காம். இங்கயே சேந்தா
இன்னும் ரெண்டு வருசம் ஆடலாம்ப்பா.'

பதில் என்னிடம் இல்லை.
கணக்குச் சீட்டுகள் சட்டைப்பையில் இருந்தன.

கடைசி பஸ் வரவில்லை.
பையில் தலை வைத்து
மேடையிலேயே தூங்கிவிட்டாள்.
கம்ப்யூட்டர் வண்டி எண் கேட்டது.
விளையாட்டாகப் பதினாறு என்று அடித்தேன்.
அடுத்து, 'சரக்கு?' என்றது.
அதை நிரப்பாமல் சீட்டு வராது.

தேனியிலிருந்து ஒரு லாரி
முழு வெளிச்சத்தோடு வந்து ஹாரன் அடித்தது.
விளக்கை அணைக்கச் சொல்லிக் கை காட்டினேன்.
அணைத்தார்.
என்ன ஏது என்று கேட்காமல்
பீடி பற்ற வைத்தார்.
திரையில் அந்தக் கோடு
மின்னி மின்னி நின்றது.