கல் கழிவு

பகாவ் பெரிய சாலையில்
கம்பிக்கூண்டுக்கு உள்பக்கம் நான்.
பதினோரு வருடம் அடகுச்சீட்டு எழுதினேன்.
எடை, தேதி, அடையாள அட்டை எண்,
'கல் வைத்த மோதிரம் ஒன்று.'
கல் என்ன நிறம் என்று எழுத
அச்சடித்த சீட்டில் இடமில்லை.

சுப்புராயன் முதலில் வந்தது
சம்பளத்துக்கு நான்கு நாள் இருக்கையில்.
சோப்புப் போட்டுக் கழற்றிய விரல்
இன்னும் வழுவழுத்தது.
நகக்கண்ணில் காய்ந்த கித்தாப் பால்.
மோதிரத்தில்
மங்குஸ்தீன் தோலைக் கசக்கிய சாயம்போல
ஊதாக் கல்.

'கல்லுக்குக் காசு இல்ல'
என்றார் தவுக்கே ஆ லெங்.
அவருக்குத் தெரிந்த தமிழ்
மொத்தமே அவ்வளவுதான்.
தங்கம் மட்டும்தான் கணக்கு.
கல் கழிவு முக்கால் கிராம்.
நாற்பது வெள்ளி.

கழித்துப் போட்ட அந்த முக்கால் கிராமைத்தான்
ஜெகதாம்பாள்
இரண்டு வருடம் கூட்டுக் கட்டி
சிரம்பானில் வாங்கியிருந்தாள்.
செவ்வந்திக்கல்.
நீலம் வாங்க வசதியில்லாதவரிடம்
சனி பகவான் இதையும் ஏற்றுக்கொள்வாராம்.
தலையணைக்கடியில் வைத்தால் கெட்ட கனவு அண்டாதாம்.
கடைக்காரர் சொன்ன மூன்றாவதற்காகத்தான்
அவள் பணத்தை எண்ணி வைத்தாள்:
போட்டவனுக்குக் குடி பிடிக்காது.

தவுக்கே மகன் வைத்திருந்த ஒரு கையேட்டில்
நானும் படித்தேன்.
போதை ஏறாதது என்றுதான்
யவனர் இதற்குப் பெயர் வைத்தார்களாம்.
நம் துறைமுகங்களுக்கு
மதுச்சாடி ஏற்றி வந்த அதே யவனர்.
அவர்கள் கேட்டது
குடித்தும் தெளிந்திருக்க ஒரு கல்.
இவள் கேட்டது அதுகூட இல்லை.

கூண்டுக்குள்ளிருந்து தெரியும்,
நாற்பது வெள்ளி எந்தப் பக்கம் நடக்கிறதென்று.
இடதுபுறம் பஸ் நிலையம்.
வலதுபுறம் கள்ளுக்கடை.
நாக்கைக் கொஞ்சம் மடக்கினால்
கல் கள்ளாகிவிடும்.
அந்த மடக்கு சுப்புராயனுக்கு வராது.
எங்கள் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் வராது,
எனக்கும்.

அவர் வைப்பார்.
அவள் மீட்பாள்.
வட்டி மாதம் இரண்டு காசு வெள்ளிக்கு.

ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்.
விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவியவர்
பட்டப்பகலில் லாரிக்குக் குலை ஏற்றினார்.
வெயில் இந்தக் கல்லைத் தின்னும்.
ஒவ்வொரு சீட்டுக்கும்
ஒரு வாய் வெளுத்திருந்தது.

'அவரோட குடிய
அது உள்ள இழுத்துக்கிட்டுத்தானே
நெறம் போவுது?'
கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
கையேட்டில் அப்படி இல்லை.

ஒன்பதாவது சீட்டுக்கு அவள் வரவில்லை.
ஜொகூரில் ஏதோ மின்பொருள் ஆலை என்றார்கள்.
ஆறு மாதம் முடிந்தது.
தங்கம் உருகப் போனது.
கல்லைக் குறட்டால் நெம்பி
மைலோ டின்னில் போட்டேன்.

எட்டாம் மாதம் வந்தார்,
பிளாஸ்டிக் பையில் சில்லறை கனக்க.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பையையே பார்த்தார்.

தவுக்கே சாப்பிடப் போயிருந்தார்.
டின்னைக் கவிழ்த்தேன்.
சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி,
யாரோ ஒருத்தியின் மூக்குத்திப் பொடி.
அதற்குள்
தண்ணீர்ச் சொட்டாகிவிட்ட ஒன்றைத் தொட்டார்.
ஓரத்தில் குலைமுள் கிழித்த கீறல்.
'எவ்வளவு?'
தவுக்கே வாக்கியத்தையே சொன்னேன்.

சட்டைப்பையில் போட்டுப்
பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.
படியிறங்கும்போது
திரும்பாமல் ஏதோ சொன்னார்.
செம்பனை லாரி ஒன்று அப்போது கடந்துபோனது.

கல்லை விடமாட்டேன் என்றாரா,
கள்ளை விடமாட்டேன் என்றாரா?

எட்டிப் பார்த்திருக்கலாம்,
இடமா வலமா என்று.
அடுத்த ஆள் வளையலை நீட்டிவிட்டார்.