இருப்பிடம் கிடைக்கவில்லை

அரவட்லா மலையில் நாகபூஷணத்தின் வாழைக்குள்
ராத்திரி ஏழு யானைகள் வந்துபோயிருந்தன.
ஆறு பெரிசு, ஒரு குட்டி என்றார்.
குட்டி குருத்தை மட்டும் தின்றிருந்தது.

நஷ்ட ஈட்டுப் படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள்.
முப்பதை நிரப்பிவிட்டேன்.
கடைசியது தானாக நிரம்ப வேண்டும்,
விரலால் தொட்டால் சாம்பலாகவே கிடக்கும்.
டேப்லெட்டை வானத்துக்குக் காட்டினேன்.
பாறைமேல் ஏறிக் காட்டினேன்.
பேரணாம்பட்டில் என் அலுவலக நாற்காலியை விட்டு
அது இறங்குவதாயில்லை.
அங்கே காலையில் வைஃபை பிடித்ததே,
அதுதான் அதற்கு உலகத்தின் கடைசித் தகவல்.

சிம் போடும் துளை இல்லாத ரகம்.
துளையுள்ளது நாலாயிரம் கூடுதல் என்று
இருநூறு டேப்லெட்டில் எட்டு லட்சம் மிச்சம் பிடித்தவர்
குடியரசு நாளில் சான்றிதழ் வாங்கினார், நான் கைதட்டினேன்.
காட்டில் சிம் எதற்கு, டவரே இல்லையே
என்று நினைத்திருப்பார்.
நானும் அப்படித்தான்.
ஜிபிஎஸ் கேட்கும் காது
அந்த மோடம் சில்லுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று
யார் கண்டது.

நாகபூஷணம் வேட்டி மடிப்பிலிருந்து
தன் போனை எடுத்தார். கண்ணாடியில் விரிசல்.
ரீசார்ஜ் முடிந்து இருபது நாள்.
“இதுல பேச முடியாதும்மா,
பேட்டரி மட்டும் இருக்குது.”

முறிந்த வாழைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
டவர் வழிசொல்லாத இடத்தில்
அது ஒவ்வொரு கோளாகத் தேடித்தான் பிடிக்கும்.
ஒன்று. நெடுநேரம் ஒன்று.
அவர் பீடி பற்றவைத்தார்.
மூன்று. திரும்ப இரண்டு.
நாலாவது எந்தச் சீமையிலிருந்து எழுந்ததோ,
சட்டென்று எண்கள் நின்றன,
பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்று தொடங்கி
யானை மிதித்த பள்ளம்வரை.
வரைபடம் மட்டும் வரவில்லை. அதற்கு நெட் வேண்டும்.
வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி.

“இது தமிழ்நாடா, ஆந்திராவா?” என்றார்.
பலமநேர் ஆபீசில் இதைக் கேட்டுத்தான்
அவரை இந்தப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.
புள்ளிக்குத் தெரியாது. எனக்கும்.
அவர் காலால் மண்ணைத் தட்டி
“இக்கட” என்றார்.
நான் எழுதிக்கொண்டேன்,
உள்ளங்கையில், பேனாவால், பதினாறு இலக்கம்.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே
கடைக்காரரின் வைஃபையில் டேப்லெட் உயிர்பெற்றது.
சாம்பல் கட்டம் பச்சையானது.
யானைச் சேதம், நூற்றெண்பது வாழை,
இடம்: மர்ஹபா டீ ஸ்டால்.
சமர்ப்பிக்கவா என்று கேட்டது.

கிளாஸைப் பிடித்த கையில்
வியர்வை பட்டு ஏழாவது இலக்கம்
ஒன்றா ஏழா என்று
குழம்பத் தொடங்கியிருந்தது.