வயதுச் சோதனை, சின்னப்பாலம்

தூங்கும்போது என் முகத்துக்கு நேரே
போனைப் பிடித்து
பதினெட்டைத் தாண்டிவிட்டான் நம்புராஜன்.
அவனுக்குப் பன்னிரண்டு.

எனக்கு முப்பத்தி நாலு.
உப்பையும் வெயிலையும் கூட்டி
ஐம்பத்தொன்பது போட்டது அதே போன்.
ரேகை கேட்டது.
பாசி எடுக்கும் பாறை அதை எப்போதோ தின்றாச்சு.
ஆதார் கேட்டது, காட்டினேன்.
மறுநாள் கடன் வேண்டுமா என்று
பேர் சொல்லிக் கூப்பிடுகிறான் எவனோ.
பேர் சரி. வயசும் சரி.

கடலில் இறங்கவே அட்டை கேட்கிற ஊர்.
இதுக்குமா என்று
இ-சேவை மையத்து வாசலில் முப்பது பேர் நின்றோம்.
போலீஸ்காரர் வீடியோ எடுக்க வந்தார்.
யாரும் சொல்லவில்லை,
முக்குளிக்கும் கண்ணாடியை
ஒவ்வொருத்தியாய் மாட்டிக்கொண்டோம்.
கேமரா சதுரம் சதுரமாய்த் துழாவியது.

போன் மறுபடி பூட்டிக்கொண்டதாம்.
என் முகத்தைத் தேடி
வரிசை நெடுக நடந்தான் நம்புராஜன்.