லட்சாதிபதியின் ஷார்ட்பிரெட்

பெயரைப் பாருங்கள்.
மீன்பெட்டி கழுவுகிறவள் வீட்டில்
இரவு பத்தரைக்கு
லட்சாதிபதி வேகிறார்.

மீட்டரில் மிச்சம் இரண்டு பவுண்டு பத்து பென்ஸ்.
அவசரத்துக்கு அதுவே தரும் கடனையும்
செவ்வாய்க்கிழமையே வாங்கித் தின்றாயிற்று.
ஓவன் சூடேற ஏற
எண் இறங்குகிறது.

நாளை ஜினெட்டுக்கு வேலையில் கடைசி நாள்.
ஆளுக்கொன்று என்று சீட்டுக் குலுக்கியதில்
எனக்கு விழுந்தது இனிப்பு.

மாவு, வெண்ணெய், சர்க்கரை.
பிடித்தால் பிடிபட வேண்டும்,
உதிர்த்தால் உதிர வேண்டும்.
வெண்ணெயில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.
பீட்டர்ஹெட்டில் எதில் உப்பில்லை?
என் சன்னல் கண்ணாடியை நக்கிப் பாருங்கள்.
தட்டில் அழுத்தி, முட்கரண்டியால் குத்தி
உள்ளே தள்ளினேன்.
பொன்னிறமாக எடுத்தபோது
மீட்டரில் தொண்ணூறு பென்ஸ்.

அடுத்தது கேரமல்.
கட்டிப்பால் ஒரு டின், பழுப்புச் சர்க்கரை,
வெண்ணெய், ஒரு கரண்டி சிரப்.
கைவிடாமல் கிளறவும் என்று
யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.
குமிழ் வெடித்து மணிக்கட்டில் தெறித்த நேரம் பார்த்து
போன் அடித்தது.

டூகல்.
மூன்று வருடம் கழித்து.

அப்பாவின் படகை அவன் விற்றது கூடப் பரவாயில்லை.
என்ன விலைக்கு விற்றான் என்பதை
மீன் ஏலத்தில்
எவனோ ஒருவன் எனக்குச் சொன்னான்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கிளறினேன்.
அவன் பேசவில்லை. நானும்.
இரண்டு பேரும் சேர்ந்து
மரக்கரண்டி பாத்திரத்தைச் சுரண்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"என்ன சத்தம், ரோனா?"
"கேரமல்."
"ஹேசல்நட் போடுகிறாயா?"
"வறுத்து வைத்திருக்கிறேன்."
"ஆறு மணிக்குக் கரைக்கு வருகிறோம்."
"யார் படகில்?"
"அடுத்தவன் படகில்தான்."

அந்தப் பதிலுக்கு ஒரு கணம் கை நின்றது.
அடிபிடித்துவிட்டது.
கறுப்புத் துணுக்குகள் மேலே மிதந்து வந்தன,
பொறுக்கப் பொறுக்க இன்னும் வந்தன.
விட்டுவிட்டேன்.
அப்படியே பிஸ்கட் மேல் ஊற்றி
ஹேசல்நட்டைத் தூவிய கையோடு
வீடு இருண்டது.

"என்னடி ஆச்சு?"
"மீட்டர்."

கேரமல் முழுக்க ஆறிய பிறகே
சாக்லேட்டை உருக்கி ஊற்ற வேண்டும்.
அதுதான் முறை.
கோடு கிழித்தாற்போல் அடுக்கு நிற்கும்.
அடுப்பு இல்லை, முறைக்கு எங்கே போக?
போன் வெளிச்சத்தில் சாக்லேட்டை உடைத்து
கொதிக்கிற கேரமல் மேலேயே இறைத்தேன்.
ஐந்து நிமிடம் மூடி வைத்தேன்.
கரண்டியின் முதுகால் தடவினால்
எல்லாம் ஒன்றோடொன்று குழைகிறது,
எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.
அவன் இன்னும் போனில் இருந்தான்.
காற்றின் இரைச்சல், இஞ்சின் இரைச்சல்,
நடுவில் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட
வைத்துவிட்டான்.

ஃப்ரிட்ஜும் போய்விட்டது.
ஆனால் ஜனவரி இருக்கிறதே, இலவசமாக.
சன்னலுக்கு வெளியே விளிம்பில் தட்டை வைத்து
கடற்காகங்களுக்குப் பயந்து
பாத்திரம் கழுவும் தொட்டியைக் கவிழ்த்து
மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றினேன்.
கோட்டோடு படுத்துக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்குக் கதவு.
தாடி வளர்த்திருக்கிறான். பொருந்தவில்லை.
முழங்கையில் ஒரு மீன் செதில்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
கத்தியை ஊன்றி வெட்டினேன்.
அடுக்கு என்று சொல்ல முடியாது,
பழைய சுவரில் ஈரம் ஏறின மாதிரி
பழுப்பு மேலே, பொன் கீழே, சில இடத்தில் தலைகீழ்.

மூலைத் துண்டு அவனுக்கு.
நின்றபடியே மென்றான்.

"கருகின வாடை வருகிறது."
"உன்னால்தான்."

தலையாட்டிவிட்டு
இன்னொன்று எடுத்தான்.
படகின் விலையைப் பற்றி
அவன் வாய் திறக்கவில்லை. வாயில்
கேரமல் இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்,
இன்றைக்கு மட்டும்.

பதினாறு வெட்டினேன்.
ஜினெட்டின் டப்பாவுக்குப் போனது பதின்மூன்று.
கணக்குக் கேட்டவர்களிடம்
ஓரம் உடைந்துவிட்டது என்றேன்.