வரிக்கு நான்கு டாலர்

உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் செய்திக்கு
வரிக்கு நான்கு டாலர்.
புகைப்படத்துக்குத் தனி.
'ரெய்னோ ஹாபலா, வயது எண்பத்தொன்று,
காகித ஆலையில் முப்பத்தாறு வருடம்,
மீன்பிடிப்பதில் விருப்பம் உள்ளவர்'
என்று தட்டிவிட்டு நிமிர்ந்தேன்.
விருப்பமாம்.

என் கல்யாணத்தன்று காலையில்
பெர்ச் நன்றாகக் கடிக்கிறது என்று ஏரிக்குப் போனவர்
கோட்டுப் பையில் புழு டப்பாவோடு
நேரே தேவாலயத்துக்கு வந்து
என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.
பாதிரியார் ஜெபம் சொன்ன நேரமெல்லாம்
மூடி திறந்துகொள்ளுமோ என்பதுதான்
எனக்கிருந்த ஒரே பயம்.
இதற்கு எத்தனை வரி ஆகும்?

மீனைத் தொடமாட்டேன் என்று
அம்மா, லெம்பி,
மணமான முதல் வாரமே சொல்லிவிட்டாளாம்.
ஐம்பது வருடம்
பின்வாசல் பலகையில் அவரே அறுத்தார்,
சட்டையெல்லாம் செதில் மின்ன.
அவள் போன பிறகும்
அந்தக் கத்தி வீட்டுக்குள் வந்ததில்லை.

இடது ஆள்காட்டி விரலில் பாதியை
ஆலை எடுத்துக்கொண்டது.
மிச்சத்தை வைத்து அவர் போடும் முடிச்சு
எங்கள் யாருடைய பத்து விரலுக்கும் வசப்படவில்லை.
பேரன் ஆரின் கேட்டான்.
சொல்லித்தரவில்லை.
"நான் போட்டுத் தர்றேன், நீ பிடி."
அவ்வளவுதான் அவர் பொறுமை,
மனிதர்களிடம்.

ஜனவரியில், உறைந்த ஏரிமேல்
தகரக் குடிசையை இழுத்துப்போய்
பனியில் துளையிட்டு
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருப்பார்.
ஒரே ஒரு முறை நானும் போனேன்,
விவாகரத்துக் காகிதங்கள் வந்த வாரம்.
(கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என் கணவன்;
அப்பா அதை முதல் நாளே பார்த்திருப்பார்,
சொன்னதில்லை.)
ஆறு மணி நேரத்தில் மூன்று வாக்கியம்.
"காப்பி இருக்கு."
"காலை அடுப்புப் பக்கம் வை."
வெகுநேரம் கழித்து, துளைக்குள் இறங்கும் நூலிடம்,
"உன் அறை அப்படியேதான் இருக்கு."
அடியில் பனிக்கட்டி ஒருமுறை முனகியது.
மீன் எதுவும் சிக்கவில்லை.

பேச்சுத்தான் சிக்கனம், பொய் தாராளம்.
கைநழுவிப் போன ஒரு பைக் மீன்
கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு சாண் வளர்ந்தது.
பேத்தி காய்சா
சமையலறைச் சுவரில் தன் உயரத்தைக் குறிக்கும்போது
பக்கத்தில் அதையும் பென்சிலால் குறித்துவந்தாள்.
அவளுடைய கோடு பதினாறில் நின்றுவிட்டது.
மீனுடையது உத்தரம் வரைக்கும் போயிருக்கிறது.

நேற்று கராஜில் ஃப்ரீசரைத் திறந்தோம்.
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள்,
நான் வரிக்கு விலை கேட்ட அதே பத்திரிகை.
ஒவ்வொன்றிலும் தேதி, எடை, கூட வந்தவர் பெயர்.
'ஆகஸ்ட் 9. ஒன்றரைப் பவுண்டு. காய்சா. படகில் வாந்தி.'
'செப்டம்பர் 20. முக்கால் பவுண்டு. ஆரின். அவன் பிடித்தது.'
'அக்டோபர் 2. அரைப் பவுண்டு. தனியாக. மழை.'
ஆரின் சந்தேகப்பட்டு
ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தான்.
ஓர் அவுன்ஸ் கூடப் பிசகவில்லை.

அடக்கம் முடிந்த மாலையில்
எல்லாவற்றையும் வெண்ணெயில் பொரித்தோம்.
நாற்பது பேர் சாப்பிட்டார்கள்.
உப்பு தூக்கல் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்,
இரண்டாவது தட்டை நீட்டியபடி.

எல்லாவற்றையும் என்றேனே, இல்லை.
அடியில், உறைபனி மூடிய ஒன்று,
பதினொரு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல்.
எடை எழுதவில்லை.
'லெம்பிக்கு. முள் எடுத்தாச்சு.'
அந்த ஏப்ரலில்
அம்மாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

ஃப்ரீசரை இந்த வாரமே விற்றுவிடலாம் என்று
காலையில் சொல்லிக்கொண்டிருந்த அண்ணன்
பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தான்.
மூடியைச் சாத்தினான்.
பிறகு முழங்காலிட்டு
சுவரில் பிளக் சரியாக இருக்கிறதா என்று
அழுத்திப் பார்த்தான்.