கூடுதல் குறைவு உட்பட

தொடைக்கவசம் 41.2 சென்டிமீட்டர்.
படத்தை நாற்பத்தேழாம் நிமிடத்தில் நிறுத்தி
மடிக்கணினித் திரைமேல் ஸ்கேல் வைத்து
நடிகரின் உயரத்தைத் தேடிப் பிடித்து
விகிதம் போட்டுக் கண்டேன்.
நில அளவை எனக்குப் பிழைப்பு.
ஒரு சாண் வரப்புக்காக
பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்கு நடுவே
சங்கிலி பிடித்திருக்கிறேன்.
ஆகவே இடது தோளில் இருந்த கீறலையும் விடவில்லை:
நீளம் நாலு புள்ளி மூன்று,
சாய்வு முப்பது பாகை.

இரவு இரண்டு மணிக்கு
வலது மணிக்கட்டில் எத்தனை திருகாணி என்று எண்ணி
ஒன்பது எனக் கண்டபோது வந்த சிரிப்பை
யாரிடமும் சொல்லவில்லை.

கூத்தாநல்லூர் ஹிதாயத்துல்லா
ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான்.
அவனுக்கும் அதே விண்படை வீரன்தான்.
ஒரே ஃபோம் சுருளில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு.
நான் காகிதத்தில் வரைந்து முடிப்பதற்குள்
வெட்டி, ஹீட் கன்னில் வளைத்து
மார்பில் ஒட்டிவிட்டான்
போன தேர்தலின் பேனர் துண்டை.
உள்பக்கம் யாரோ ஒரு வேட்பாளரின்
கூப்பிய கை.
தலைக்குத் தண்ணீர் கேன்.
முதுகில் பிரிக்காத புதுக் கைத்தெளிப்பான்,
உரக்கடையில் கடனுக்கு வாங்கியது.
“இது என்ன?”
“ஆக்சிஜன்.”
“படத்தில் அவன் முதுகில் ஒன்றுமே இல்லை.”
“அதனாலதான் சர்வேயரம்மா
கடைசியில மூச்சு முட்டிச் சாகுறான்.”

ஐப்பசி. பசை காயவில்லை.
அந்தக் கிரகத்தில் மழை கிடையாது.
இங்கே ராத்திரி ஒட்டிய முட்டிக்காப்பு
விடியலில் வாயைத் திறந்து கிடந்தது.
நான் பசைக் கம்பெனியைத் திட்டினேன்.
அவன் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினான்.

போட்டி தஞ்சாவூரில்.
வடுவூர் வண்டி போய்விட்டது,
நீடாமங்கலம் வழியில் ஏறினோம்.
ஏறிய பிறகுதான் தெரிந்தது,
என்னால் உட்கார முடியாது.
தொடைத்தகடு இடுப்பில் இடித்தது.
அப்போதுதான் யோசித்தேன்:
இரண்டு மணி நேரப் படத்தில்
அவன் ஒருமுறைகூட உட்காரவில்லை.
நிற்கிறான், சுடுகிறான், விழுகிறான்.
எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தேன்,
உட்காராததையும் சேர்த்து.

நடத்துநர் டிக்கெட் கிழித்தார்:
“நிக்கிறதுக்கும் அதே காசுதாம்மா.”

நீடாமங்கலம் ரயில்வே கேட்
மூடினால் மூடியதுதான்.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு வண்டி
முன்னே போய், பின்னே வந்து,
எதையோ மறந்தாற்போல் மறுபடி முன்னே போனது.
ஹிதாயத் இறங்கிவிட்டான்.
ஒரு கையில் கடலைப் பொட்டலம்,
மறு கையால் தெளிப்பானை அமுக்கி
பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல்
ஆக்சிஜன் அடித்துக்கொண்டிருந்தான்.
லாரிக்காரர் ஒருவர் லுங்கியை இறக்கிவிட்டு
சல்யூட் வைத்தார்.
பேருந்துக்குள் ஒரு சிறுமி
அம்மாவிடம் என்னைக் காட்டிக் கேட்டாள்:
“இது பொம்மையா?”
இல்லை என்று தலையாட்ட
கழுத்துத் தகடு இடம் கொடுக்கவில்லை.

நடுவர் டார்ச் அடித்து என் தோளைப் பார்த்தார்.
“எல்லாம் சரி. இந்தக் கீறல் மட்டும்
படத்தில் இல்லையே?”

வீடு வந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
நாற்பத்தேழாம் நிமிடம், கீறல் இருந்தது.
நாற்பத்தெட்டு, வெறும் பாலைவனம்,
வானத்தில் அதே இடத்தில் கீறல்.
அணைத்தேன்.
கறுத்த திரையிலும் இருந்தது,
விகிதம் போடுவதற்கு முன் ஏழு மில்லிமீட்டர்.
என்றைக்கோ ஸ்கேலை நகர்த்தும்போது
நானே இழுத்தது.

பத்திரத்தில் நான்கெல்லை சொல்லி
மா சொல்லி, குழி சொல்லி,
கடைசியில் ஒரு வரி எழுதுவார்கள்:
கூடுதல் குறைவு உட்பட.
எழுத்தர்களின் சோம்பல் என்றே
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

கீறலை அழிக்கவில்லை.
தொடைத்தகட்டில் இரண்டு விரற்கடை வெட்டினேன்,
கத்தரிக்கோலால், கொஞ்சம் கோணலாக.
கவசத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தேன்.
பின்னால் எங்கோ பசை விட்டது.
இருக்கட்டும்.